பெயர் இல்லாத கல்லுக்கு நேர்ந்த கெடா

முதலாளிக்கு நான் தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐநூறு ரூபாய். அதனால்தான் துருக்கிக்குப் போனேன்.

மகள் கல்யாணத்துக்கு வாங்கின பணம். பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய வார்ப்புப் பட்டறையில் நான் மண்ணில் அச்சு கட்டுகிறவன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டே வந்தார்கள். கடன் மட்டும் கரையவே இல்லை. இதற்கு நடுவில் முதலாளி லட்சுமணசாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. அவரும் அவர் சம்சாரம் ராமாமணி அம்மாவும்தான்.

ஒரு நாள் கூப்பிட்டுவிட்டார்.

"நஞ்சா, ஒரு வாரம் என்றகூட வா. வண்டியத் தள்ளோணும், தூக்கி உக்கார வெக்கோணும். திரும்பி வந்ததும் பாதிக் கணக்க அழிச்சுப்போடறேன்."

"எங்கீங்க போறோம்?"

"துருக்கி. சுல்தானுங்க ஆண்ட ஊரெல்லாம் பாக்கறோம்."

"அத்தன தூரம் போயி என்னத்தீங்க பாக்கறது?"

"கட்டடந்தான்."

"இங்க இல்லாத கட்டடமுங்களா?"

"ஏரோப்ளேன்ல வெச்சுக் கூட்டிட்டுப் போறேங்கறேன், பேச்சப் பாரு. வாய மூடிட்டு வாடா."

போனேன். கோட்டைமேட்டு உமர் பாரூக் அண்ணன்தான் கூட்டிப் போனார். அவருக்கு இதுதான் தொழில். மில்லுக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஒரு பஸ் அளவுக்கு ஆட்கள். எல்லோர் பெட்டியிலும் துணியைவிடப் பருப்புப்பொடி அதிகம்.

இந்தக் கதைக்கு வேண்டிய ஒரு சங்கதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறைக்குப் பின்னால் கருப்பராயன் கல் ஒன்று உண்டு. ஆடி மாதம் அதற்குக் கெடா வெட்டுவோம். வெட்டுகிறவன் நான்தான். முதலில் கெடாவின் கழுத்திலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்புகிறவரைக்கும் அருவாள் இறங்கக் கூடாது. சிலுப்பிவிட்டால் பிறகு நிற்கவும் கூடாது. ஒரே வீச்சு.

இஸ்தான்புல்லில் வெயில் அடித்தது. ஆனாலும் குளிர் எலும்பில் ஏறியது. அரண்மனை பார்த்தோம். அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கூரை போட்ட பெரிய பெரிய பள்ளிவாசல்கள் பார்த்தோம். அவ்வளவு பாரத்தைத் தூண் இல்லாமல் எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்று நான் வாயைப் பிளந்து நின்றதில் முதலாளிக்கு ஒரே சிரிப்பு.

அப்புறம் ஒரு குன்று. பழனி ரோப் கார் மாதிரி கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறிப் போனோம். மேலே டீக்கடை, கீழே கழிமுகம், சரிவு முழுவதும் பழைய கல்லறைகள். கல்லின் தலையில் கல்லாலேயே தலைப்பாகை செதுக்கியிருந்தார்கள். உடம்பெல்லாம் எழுத்து.

"உத்தியோகத்துக்குத் தக்கபடி தலைப்பாகைங்க," என்றார் உமர் பாரூக். "இருங்க, டீ சொல்லிப்போட்டு வாரேன்."

அவர் போனதும் முதலாளி கையைக் காட்டினார். "நஞ்சா, அக்கட்டால தள்ளு."

முள்ளுச்செடிகளுக்கு அந்தப் பக்கம் தனியாகச் சில கற்கள் நின்றன. ஆள் உயரம். செதுக்காத கல். தலைப்பாகை இல்லை. ஓர் எழுத்துகூட இல்லை. எங்கள் கருப்பராயனைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்ட மாதிரியே இருந்தது. எனக்குத் தானாகக் கை குவிந்துவிட்டது.

முதலாளியும் கும்பிட்டார். சட்டைப் பையிலிருந்து கருப்பராயன் குங்குமத்தை எடுத்து, உயரமான கல்லுக்குப் பொட்டு வைத்தார்.

"என்ற பட்டறையப் பாதிப் புடுங்கித் தின்னவன் ஒருத்தன் இருக்கறான்," என்று கல்லிடம் மெதுவாகச் சொன்னார். "வெங்கிடுபதி. அவன் தொலையோணும். தொலைஞ்சா உனக்கு ஒரு கெடா."

வெங்கிடுபதி ராமாமணி அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கூட்டுத் தொழிலிலிருந்து பிரிந்து, வாடிக்கைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு போய்த் துடியலூரில் தனிப் பட்டறை போட்டவர்.

"வேண்டாமுங்க முதலாளி. அம்மா தம்பியுங்க."

அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். வாதம் வந்த ஆளின் பிடி மாதிரி இல்லை. என் உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து அழுத்தினார்.

"வெட்டறது இவந்தான். இவன் கை."

கல் ஈரமாக இருந்தது.

மழை இல்லை, பனி இல்லை. பக்கத்துக் கற்கள் காய்ந்து கிடந்தன. அந்த ஒரு கல் மட்டும் ஈரம். வெதுவெதுவென்ற ஈரம்.

உமர் பாரூக் டீயோடு வந்தவர் பொட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏனுங்க, என்ன காரியம் பண்ணுனீங்க? அது சாமி இல்லீங்க. சுல்தான் காலத்துல தலை வெட்டற வேலை பாத்தவங்க. ஊரு மயானத்துல எடங் குடுக்காம இங்க கொண்டாந்து பொதைச்சாங்களாம். பேரு தெரிஞ்சா செத்தவங்க சொந்தக்காரங்க வந்து இடிச்சுப்போடுவாங்கன்னு எழுத்தே இல்லாத கல்லு. யாரும் இங்க வந்து ஒண்ணும் கேக்கறதில்லீங்க."

"வெட்டறவந்தானப்பா எனக்கு வேணும்," என்று சிரித்தார் முதலாளி. "டீயக் குடு. இதென்ன, சொப்புல ஊத்திக் குடுக்கறானுங்க?"

திரும்பித் தள்ளும்போது வண்டி கனத்தது. சரிவில் இறங்குகிற வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கத்தான் வேண்டும். அதைத் தள்ள வேண்டியிருந்தது. முதலாளியின் பாரம் என் கைக்குத் தெரியும். இது இரண்டு ஆள் பாரம்.

புர்சாவுக்குப் போனோம். பழைய சத்திரத்து முற்றத்தில் பட்டு விற்றார்கள். ராமாமணி அம்மா தம்பி மகளுக்கென்று ஒரு துணியைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். நான் முதலாளியின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் எழும்புமே ஒரு வாசனை, அது என் தோளுக்குப் பக்கத்தில் அடித்தது. கல் தரையில் வண்டியின் நிழல் விழுந்திருந்தது. அதைத் தள்ளுகிறவனின் நிழலும்.

தள்ளுகிற நிழல் இரண்டு இருந்தது.

எதிர்னே என்கிற ஊரில்தான் அது நடந்தது. உச்சிவெயில். பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் வலது கை வண்டியை விட்டது. நான் விடவில்லை. அது விட்டது. தோளுக்கு மேலே போய், சரேலென்று இறங்கியது. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பில் இரும்பு இறங்குகிற அந்த அதிர்ச்சி முழங்கைவரைக்கும் ஏறியது. கெடா வெட்டுகிறவனுக்குத் தெரியாதா அது.

எங்கள் பஸ்ஸில் வந்த பெண் ஒருத்தி, "என்னப்பா, கொசுவா?" என்றாள்.

சற்று நேரத்தில் ராமாமணி அம்மாவின் போன் அடித்தது. துடியலூரிலிருந்து.

வெங்கிடுபதியின் பட்டறையில் ஏதோ பாரம் தூக்கியிருக்கிறார்கள். இரும்புக் கயிறு அறுந்து சாட்டை மாதிரி வீசியிருக்கிறது. எத்தனையோ பேர் நின்ற இடத்தில் அவர் கழுத்தை மட்டும். உடம்பு நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்றதாம். தலை கரி மூட்டைகளுக்கு நடுவில் போய் விழுந்ததாம்.

அம்மா முற்றத்துத் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். அவர் வாங்கின பட்டுத்துணி காற்றில் இழுபட்டுப் போனது. முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தின் ஓர் ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஊர் திரும்பிச் சாவுக்குப் போனபோது வெங்கிடுபதியின் பட்டறை ஆள் ஒருவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, கயிறு அறுகறதுக்கு முந்தி ஓனர் பொடனிக் கழுத்தத் தொடச்சுக்கிட்டாருங்க. 'என்றா, மழையா வருது?'ன்னு கேட்டாரு. கேட்டுப்போட்டு ஒரு சிலுப்புச் சிலுப்புனாருங்க. நல்ல வெயிலுங்க அப்ப."

நேரே முதலாளியிடம் போனேன். "ஏனுங்க, நேந்தத உடனே செஞ்சுபோடலாமுங்க. கெடா நான் புடிச்சாரேன்."

"கிறுக்கனாடா நீ? ஊட்டுல தீட்டு. மச்சான் கருமாதி முடியாம கெடா வெட்டுனா ஊரு காறித் துப்பாது?"

அதுதான் தப்பு. எங்கள் ஊர்ச் சாமி தீட்டைப் பார்க்கும், கருமாதி முடிகிறவரைக்கும் காத்திருக்கும். கடல் தாண்டி எங்கள் வண்டியோடு வந்ததற்குத் தீட்டு என்றால் என்ன தெரியும்? அதற்கு வேலை ஒன்றுதான் தெரியும். செய்த வேலைக்குக் கூலி வர வேண்டும். வரவில்லை.

பட்டறையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

தகரக் கூரை காய்ந்திருக்கும். குழாய் கிடையாது. அச்சு கட்டக் குனிந்தால் பக்கத்தில் ஒரு சொட்டு. மண்ணில் ஒரு கருப்பு வட்டம். நிமிர்ந்தால் ஒன்றும் இருக்காது. இரும்பு உருக்குகிற இடத்தில் தண்ணீர்தான் எமன். உலை பார்க்கிற அப்துல் கையூம் அண்ணன் ஒரு நாள் காலையில் உருகின இரும்பை என் அச்சில் ஊற்றினார். நான் கட்டி, காயவைத்து, கைவைத்துப் பார்த்த அச்சு. ஊற்றின கணமே வெடித்தது. இரும்பு மழையாகத் தெறித்தது. அவர் காதும் கன்னமும் என் கண் முன்னால் உருகி வழிந்தன. அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கிறது. உடைந்த அச்சுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு கை அளவு தண்ணீர். அவ்வளவு சூட்டிலும் கொதிக்காத தண்ணீர்.

அன்றைக்கு முதலாளி அவராகவே கூப்பிட்டார். "காலையில பல்லு வெளக்கறப்ப என்ற பொடனி நனைஞ்சுதுடா. சிலுப்பக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தீட்டாவது மண்ணாவது. கெடாவப் புடி."

கெடா வந்தது. பளபளவென்ற கருப்பு. துக்க வீட்டில் கெடா வெட்டுகிறார்கள் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது. அதனால் உச்சிப்பொழுதில் ஆட்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, சத்தத்துக்காக மண் மில்லை ஓடவிட்டோம். பெரிய தொட்டியில் இரண்டு இரும்புச் சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை நசுக்குகிற எந்திரம். அதற்குப் பத்தடி தள்ளித்தான் கருப்பராயன் கல். முதலாளியை வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினேன். ராமாமணி அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். அவருக்கு நேர்த்தி சங்கதி தெரியாது. அப்துல் கையூம் பிழைக்க வேண்டும் என்று வேண்டுதல் எனச் சொல்லியிருந்தோம்.

வலது கையில் அருவாளைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன்.

கெடா நின்றது.

இன்னொரு செம்பு ஊற்றினேன். கழுத்திலிருந்து வழிந்து தரையில் ஓடியது. காதைக்கூட ஆட்டவில்லை.

"இன்னொருக்கா ஊத்து," என்றார் முதலாளி.

ஊற்றினேன். கெடா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், என் வலது தோளுக்கு மேலே, யாரையோ பார்த்தது. மெதுவாக முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

சூடான இரும்பில் தண்ணீர் விட்ட வாசனை.

"ஏமண்டி," என்று தெலுங்கில் புருஷனைக் கூப்பிட்டார் ராமாமணி அம்மா. "உங்க சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?"

முதலாளியின் புடனியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேலே வெறும் வானம். அவர் வண்டியின் கைப்பிடியை இறுக்கினார். பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

தலையிலிருந்து விழுந்த கால்வரைக்கும் ஒரு சிலுப்பு.

என் வலது கை மேலே போனது.

அருவாளை விடப் பார்த்தேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவற்றின் மேல் வேறு விரல்கள் இருந்தன. பெரிய, ஈரமான, பதறாத விரல்கள். வேலை தெரிந்தவனின் விரல்கள். முதலாளியின் தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து கழுத்தைக் கொடுத்தது. வாய் மட்டும் அசைந்தது.

"நஞ்சா, வேண்டாண்டா."

"நான் இல்லீங்க!" என்று கத்தினேன். "அம்மா, இழுங்க வண்டிய! இழுங்க!"

அம்மா இழுத்தார். சக்கரம் நகரவில்லை. எதிரில் யாரோ காலை ஊன்றிப் பிடித்த மாதிரி நின்றது. அம்மா வந்து புருஷன் கழுத்தின் மேல் கவிழ்ந்துகொண்டார். இனி அருவாள் இறங்கினால் இரண்டு கழுத்து.

என் கால் மட்டும் என்னுடையதாக இருந்தது. ஓடினேன். இடது கையால் வலது தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே மண் மில்லின் தொட்டி மேல் விழுந்தேன். அருவாளோடு கை உள்ளே போனது. முதல் சக்கரம் விரல்களின் மேல் ஏறியது. அருவாள் கீச்சென்று வளைந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் வாய்க்குள் வறுத்த கடலை கடிக்கிற மாதிரி மண்டைக்குள் கேட்டது. இரண்டாவது சக்கரம் மணிக்கட்டுக்கு வந்தது. மண் கருப்பு. அது சிவப்பாகி, மறுபடி கருப்பானது. அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைக்கும்வரைக்கும் நான் கையை இழுக்கவில்லை. அது முழுதாகப் போகட்டும் என்றே கிடந்தேன்.

கடைசியாகக் காதில் விழுந்தது கெடா எழுந்து ஓடின சத்தம்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் கட்டைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. போகட்டும். வெட்டுகிற கை ஒழிந்தது. இனி என் கையால் யாரும் சாக மாட்டார்கள். அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கினேன்.

ஒரு மத்தியானம் முதலாளி வந்தார். ராமாமணி அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலை ஒட்டி நிறுத்தினார். முதலாளி பாதியாக இளைத்திருந்தார்.

"சொட்டறது நின்னுபோச்சு நஞ்சா. ஒரு பொட்டு ஈரமில்ல."

"நல்லதுங்க."

"வலிக்குதா?"

"இருக்கற கை வலிக்கலீங்க. இல்லாத கைதானுங்க குத்துது."

அவரால் சிரிக்க முடியவில்லை. "உன்ற கணக்க அழிச்சுப்போட்டேன். பாதி இல்ல, முழுசும். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐநூறு. இனி நீ எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்ல. நான் உனக்குத் தர வேண்டியதத்தான் எப்படித் தீக்கறதுன்னு…"

தலையைக் கட்டில் விளிம்பில் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் புடனி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அதில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கூரை. காய்ந்த கூரை.

"முதலாளி, எந்திரிங்க. எந்திரிச்சுப் போயிருங்க."

அவர் சிலுப்பினார்.

"ஏசி அதிகமா வெச்சுட்டாங்க," என்று முந்தானையை எடுத்து அவர் தோளில் போர்த்தப் போனார் ராமாமணி அம்மா.

என் வலது தோள் உயர்ந்தது. கட்டுப் போட்ட மொட்டைக் கை போர்வையைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. கட்டுக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றில், என் விரல்கள் ஐந்தும் ஒரு பிடியைப் பற்றியிருந்தன. அருவாள் பிடி இல்லை. நீளமான பிடி. இடது கையால் எட்டிப் பிடித்தேன். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

இறங்கியது.

சத்தமே இல்லை. முதலாளியின் குலுங்கல் நின்றது. அவ்வளவுதான்.

"ஏமண்டி?" என்றார் அம்மா. "ஏமண்டி?"

டாக்டர்கள் ஓடிவந்தார்கள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். என் கடனை அவர் அழித்தார். அவர் கடன் அதே கட்டில் விளிம்பில் தீர்ந்தது. அம்மாவின் அழுகை நடையில் தேய்ந்து தேய்ந்து போனது. நர்ஸ் வந்து என் போர்வையைச் சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அறையில் யாரும் இல்லை.

இல்லாத என் உள்ளங்கையிலிருந்து அந்தப் பிடி மெதுவாக விலகியது. யாரோ ஒரு துணியால், அவசரமில்லாமல், அதன் அலகை அடியிலிருந்து நுனிவரைக்கும் துடைப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு தரம் இந்தப் பக்கம். ஒரு தரம் அந்தப் பக்கம்.

பிறகு அதை மறுபடி என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்கள்.